வக்கீல் வைப்பதா, வேண்டாமா: 'அப்புச்சி வீடு' குழு

நான், இரவு 8.10: குடும்ப நல நீதிமன்றத்தின் சம்மன் இன்று ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகத்துக்கே வந்துவிட்டது. பாப்பாவைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று என் கணவர் மனுப் போட்டிருப்பதோடு, வழக்கு முடியும்வரை வாரந்தோறும் சனி, ஞாயிறு சேலம் அம்மாபேட்டையில் தன் வீட்டில் விட வேண்டும் என்று தனியாக ஓர் இடைக்கால மனுவும் சேர்த்திருக்கிறார். அந்த நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே பேசலாம் என்கிறார்கள். நானே போய்ப் பேசட்டுமா, வக்கீல் வைக்கட்டுமா? எழுதியே அனுப்புங்கள், குரல் பதிவைப் பாப்பா பக்கத்தில் இருக்கும்போது கேட்க முடியாது.

தம்பி, 8.14: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

பெரிய மாமா, 8.16: அழித்தது நல்லது. மாப்பிள்ளையைப் பற்றிக் கோபத்தில் எழுதும் ஒரு வரி, ஸ்க்ரீன்ஷாட்டாக வழக்குக் கட்டில் வந்து உட்கார்வதை நீதிமன்ற ஊழியனாக இருந்தபோது பலமுறை பார்த்திருக்கிறேன்.

சின்னம்மா, 8.21: பெண் குழந்தையைத் தாயிடம்தானே விடுவார்கள் அண்ணா? பிறகு எதற்கு வக்கீலுக்குப் பணம்?

பெரிய மாமா, 8.33: அது 5 வயது நிறையாத குழந்தைக்கு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) சட்டம் அப்படிப்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. நம் பாப்பாவுக்கு 7 முடிந்துவிட்டது. இனிக் குழந்தையின் நலன் ஒன்றுதான் அளவுகோல், தாய்க்கோ தந்தைக்கோ தானாக வரும் உரிமை என்று எதுவும் இல்லை. வக்கீல் இல்லாமலே பேசலாம் என்று நீ கேள்விப்பட்டதும் உண்மைதான் கண்ணு. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 13ஆம் பிரிவு, வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கொடுக்கவில்லை. நீதிபதியின் அனுமதியோடுதான் வக்கீல் வர முடியும், நடைமுறையில் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். சமரசப் பேச்சில் நீயே பேசு, உன்னைவிட யாரும் நன்றாகப் பேசிவிட முடியாது. ஆனால் இடைக்கால மனுவுக்கு எதிருரை எழுதுவது வேறு வேலை. அதில் விட்டுப்போனதைப் பின்னால் வாயால் சொல்லிச் சரிக்கட்டுவது கடினம்.

நான், 8.40: சேலத்தில் ஒருவரை விசாரித்தேன் மாமா. கேட்ட தொகை என் மூன்று மாதச் சம்பளம்.

பெரிய மாமா, 8.47: அதற்கு முன்னால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தர வேண்டும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

சின்னம்மா, 8.50: இலவசம் என்றால் ஏனோதானோ என்றுதான் நடத்துவார்கள்.

பெரிய மாமா, 8.55: அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், ராத்திரி உட்கார்ந்து எதிருரை எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன், காசு வாங்குகிறவர்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. குழந்தை வழக்கு எத்தனை நடத்தியிருக்கிறீர்கள், வாய்தாவுக்கு நீங்களே வருவீர்களா, ஜூனியரை அனுப்புவீர்களா என்று முகத்துக்கு நேராகக் கேள். மனம் ஒப்பவில்லையென்றால் வேறொருவரைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

நான், 9.02: பாப்பாவை அனுப்பவே முடியாது என்று எழுதச் சொல்லலாமா? போன முறை பஸ்ஸில் அந்த 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வருவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கும் போகவில்லை.

பெரிய மாமா, 9.11: முடியாது என்று எழுதினால் அடம் பிடிப்பவளாகத் தெரிவாய். இப்போது சொன்னாயே, அதை அப்படியே எழுதச் சொல். அதோடு, மாதத்தில் எத்தனை நாள் அவர் ஏற்காட்டுக்கு வந்து பார்க்கலாம், கோடை விடுமுறையில் எத்தனை நாள் சேலத்தில் இருக்கலாம் என்பதையும் நீயே முன்வைத்துவிடு. நீதிபதி பாப்பாவைத் தனியே அழைத்துப் பேசக்கூடும். ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுக்காதே, சொல்லிக் கொடுத்த பேச்சு அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

தம்பி, 9.14: திங்கட்கிழமை நான் மேலே வந்து பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்புகிறேன் அக்கா. நீ முதல் பஸ்ஸில் இறங்கி அஸ்தம்பட்டிக்குப் போய்விடு.

பெரிய மாமா, 9.16: சம்மன், மனு நகல், ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளி டைரி எல்லாம் எடுத்துக்கொள். தினமும் யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்பது அந்த டைரியில் இருக்கும்.

நான், 9.31: இப்போதுதான் முழுவதும் புரட்டினேன் மாமா. எல்லாம் என் கையெழுத்து. எனக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் மட்டும் நான்கு நாள் அவர் போட்டிருக்கிறார். அந்தப் பக்கங்களையும் காட்டவா?

பெரிய மாமா, 9.32: காட்டு.