மன்னார்குடி வீடு குழு: ஞாயிற்றுக்கிழமை பாட்டி பாடுவது எப்படி?

ராஜி: மீனா வளைகாப்புக்கு அம்மா போனில் பாட வேண்டும். எத்தனை மணி என்று யாராவது முடிவு சொல்லுங்கள்.

மீனா: இங்கே கலிபோர்னியாவில், டாரன்ஸில் காலை 10 என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம் அம்மா

லதா: அப்போது இங்கே இரவு 10:30. அத்தை எட்டரைக்கே படுத்துவிடுவார்கள்.

மீனா: காலை 7? அங்கே மாலை 7:30

ராமு: ஞாயிறு 4:30 முதல் 6 வரை ராகு காலம். கவனம்.

சுரேஷ்: எந்த ஊர் ராகு காலம் அப்பா?

ராமு: வளையல் போடுகிற ஊர்.

ராஜி: போன வருடம் பெயர் சூட்டும்போது நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. தாலாட்டு பாதியில் துண்டு துண்டாக அறுந்து, அம்மா நிறுத்தியே விட்டார்கள். இந்த முறை முன்னாலேயே பதிவு செய்து அனுப்பிவிடலாம்.

மீனா: பதிவு வேண்டாம் 😢

லதா: போன் பழசு. புதிது வாங்கித் தருகிறேன் என்று சொல்லி இரண்டு தீபாவளி போய்விட்டது. யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை.

ராமு: பார்க்கிறேன்.

பாலு: போன் மேல் தப்பில்லை. 33 வருடம் தொலைபேசித் துறையில் இருந்தவன் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். பழைய டெலிபோனில் இரண்டு பேர் பேசினால் அவர்களுக்கென்று ஒரு வழியைக் கடைசி வரை திறந்து வைத்திருப்போம். வேறு யாரும் நுழைய முடியாது. இணையத்தில் அப்படி இல்லை. குரலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விடுகிறார்கள், அது ஊர்ப்பட்ட பொட்டலங்களோடு முண்டியடித்துக்கொண்டு வருகிறது. இப்படியும் உடனுக்குடன் பேச முடியும் என்று 1970களில் செய்து காட்டிய முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் டேனி கோஹன். ஹைஃபாவில் 1937இல் பிறந்தவர். மீனா, அவர் வேலை பார்த்த இடம் உன் வீட்டுக்குப் பக்கத்தில்தான், மரினா டெல் ரே. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனம்.

மீனா: அங்கே படகுகள் நிற்கிற இடத்தில் நடக்கப் போவோம் மாமா!

ராஜி: அண்ணா, மணி?

பாலு: வருகிறேன். இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் என்ற கணினி வலையின் கம்பியில் அன்று நொடிக்கு 50,000 பிட்தான் போகும். பிட் என்றால் 0 அல்லது 1 என்ற ஒரே ஒரு எண். டெலிபோன் குரலை அப்படியே எண்ணாக்கினால் 64,000 பிட். வாய்க்காலை விடத் தண்ணீர் அதிகம். அதனால் குரலையே அனுப்பாமல், தொண்டையும் வாயும் அதை எப்படி உருவாக்குகின்றன என்ற கணக்கை மட்டும் அனுப்பி, மறுமுனையில் திரும்பக் குரலாக்கினார்கள். 3,500 பிட் அளவில் அடங்கிவிட்டது. 1973 டிசம்பரில் முதலில் இயங்கியது. 1974இல் கலிபோர்னியாவிலிருந்து பாஸ்டன் பக்கத்து லிங்கன் ஆய்வகம் வரை பேசினார்கள்.

லதா: சுரேஷ், பெண் ஜாதகம் ஒன்று வந்திருக்கிறது. தனியாக அனுப்புகிறேன்.

சுரேஷ்: சித்தி 🙏
சுரேஷ்: சித்தப்பா, இவர் விமானியும்தானே? விமானம் ஓட்டுவது போலவே காட்டும் சிமுலேட்டர் பற்றிப் படித்தபோது இந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன்

பாலு: அவரேதான்! வணிக விமானி உரிமம் வைத்திருந்தவர். 1967இல், ஹார்வர்டில் படிக்கும்போது, பொதுவான கணினியிலேயே பறக்கிற சிமுலேட்டர் செய்தார். கைப்பிடியை அசைத்தால் ஜன்னல் காட்சி அந்த நொடியே மாற வேண்டும். நீ சொல், தாமதமானால் என்ன ஆகும்?

சுரேஷ்: தினமும் மாணவர்களிடம் பார்க்கிறேன். விமானம் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பும். அதற்குள் "திரும்பவில்லையே" என்று கைப்பிடியை இன்னும் தள்ளிவிடுவான். பிறகு அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம். இப்படியே ஆட்டம் பெரிதாகிவிடும். என் கை எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். காட்சியும் தாமதமாக வந்தால் கேட்கவே வேண்டாம்

ராமு: பொறியியல் மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டுப் போனது இதற்குத்தான்.

ராஜி: பெரியண்ணா, அவன் இன்று பத்துப் பேருக்குச் சொல்லித் தருகிறான். போதும்.

பாலு: அந்த விஷயம்தான் குரலுக்கும். முதலில் இணைய விதிப்படி எல்லாப் பொட்டலமும் ஒன்று விடாமல், வரிசையாக வந்து சேர வேண்டும். ஒன்று தொலைந்தால் மறுபடி வாங்கும் வரை மற்றவை காத்திருக்கும். கடிதத்துக்கு அது சரி. பேச்சுக்கு? பந்தியில் இலையை மடித்த பிறகு ரசம் வந்தால் யாருக்கு வேண்டும்? தொலைந்ததை விடு, அடுத்ததை நேரத்துக்குக் கொடு என்று கோஹன் விடாமல் வாதாடினார். ஒன்று விடாமல் சேர்க்கிற அந்த விதிக்குப் பெயர் டிசிபி. பொட்டலத்தை முகவரிக்கு அனுப்புவதை மட்டும் பார்க்கிற ஐபி 1978இல் அதிலிருந்து தனியாகப் பிரிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் 1980இல், தொலைந்ததற்காகக் காத்திருக்காத யுடிபி விதி வந்தது. இன்றும் குரல் பெரும்பாலும் அதில்தான் ஏறி வருகிறது. அம்மா பாட்டு அறுந்தது அதனால்தான். ஆனால் உடனுக்குடன் கேட்டதும் அதனால்தான்.

ராஜி: அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? பதிவு செய்தால் ஒரு எழுத்து கூடத் தொலையாது.

பாலு: தொலையாது. ஆனால் அம்மா பாடும்போது மீனா "உம்" கொட்ட முடியாது.

லதா: அத்தை பேச வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

லதா: "ராஜி, நான் போன வருடம் கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. பாடப் பாட அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் பாடுவது யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தேன். காலியாக இருக்கிற வீட்டில் பாடுகிற மாதிரி இருந்தது."

ராஜி: ஐயோ. இரைச்சல் வேண்டாம் என்று எல்லோரையும் மைக்கை அணைக்கச் சொன்னது நான்தான்.

மீனா: நான் அழுதுகொண்டே கேட்டேன் பாட்டி. பாதி வார்த்தை வரவில்லை, இருந்தும் கேட்டேன்

பாலு: குரலை இப்படி அனுப்பக் கோஹன் எழுதிய விதிமுறை 1977இல் ஆர்எஃப்சி என்ற வலை ஆவண வரிசையில் 741 ஆவதாக வெளியானது. அழைக்கிறேன், மணி அடிக்கிறது, தயார், போய் வருகிறேன், ஒவ்வொன்றுக்கும் அதில் தனிச் செய்தி உண்டு. மறுமுனையில் ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். நாம் மைக்கை அணைத்துவிட்டோம்.

சுரேஷ்: மீனா மட்டும் மைக்கைத் திறந்து வைக்கட்டும். வீடியோ வேண்டாம், குரல் மட்டும். ரௌட்டர் இருக்கிற கூடத்திலேயே பாட்டியை உட்கார வையுங்கள் சித்தி

லதா: கூடத்தில் ஊஞ்சல் கிரீச்சிடும்.

ராமு: எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். நான் சனிக்கிழமையே வருகிறேன். லதா, போன் என்ன மாதிரி வாங்க வேண்டும்?

லதா: எழுத்து பெரிதாகத் தெரிவது.

ராஜி: பதிவும் ஒன்று எடுத்து வைப்போம், எதற்கும் இருக்கட்டும்.

மீனா: அப்படியானால் காலை 7. கார்த்திக் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை

ராமு: எதற்கும் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

லதா: அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்து இப்போதே பாடிப் பார்க்கிறார்கள். இரண்டாவது அடி மறந்துவிட்டதாம். ராஜி, உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

ராஜி: கூப்பிடுகிறேன், எடுங்கள்.