ரெண்டு பவர் சப்ளை இருந்தும் கில்ன் நின்ற ராத்திரி

அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்தபோது நடந்தது. கில்ன் என்பது சிமென்ட் சுடும் சுழல் உலை. அதை இயக்கும் கன்ட்ரோல் கம்ப்யூட்டரான பிஎல்சியின் பேனலில் 24 வோல்ட் டிசிக்கு 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் பவர் சப்ளை) இரண்டு, இரண்டின் அவுட்புட்டையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு டயோடு மாட்யூல். மொத்த லோடு, அதாவது இழுக்கும் கரன்ட், 14 ஆம்பியர்தான். ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று நம்பியிருந்தோம்.

மே மாதம், நைட் ஷிஃப்ட். பிஎல்சி மொத்தமாக அணைந்தது. புகையை இழுக்கும் ஐடி ஃபேன், கில்னைச் சுற்றும் மெயின் டிரைவ் எல்லாம் டிரிப். கொதிக்கிற கில்னைச் சுற்றாமல் விட்டால் அதன் இரும்பு உருளையான ஷெல் தன் எடையிலேயே வளைந்துவிடும். மெக்கானிக்கல்காரர்கள் ஓடிப்போய் டீசல் எஞ்சினைப் போட்டு மெல்லச் சுற்றவிட்டார்கள். நான் பேனலைத் திறந்தேன். இரண்டிலும் பச்சை விளக்கு இல்லை. ஒன்று கையைச் சுட்டது, இன்னொன்று சில்லென்று இருந்தது. தொட்டதுமே வயிறு கலங்கிவிட்டது. சில்லென்று இருந்தது அன்றைக்குப் போனதில்லை. எப்போது போனது என்று சொல்ல ஆலையில் யாராலும் முடியவில்லை.

ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸிலும் அவுட்புட் சரியாக இருக்கிறதா என்று வெளியே சொல்லும் 'டிசி ஓகே' ரிலே கான்டாக்ட் இருக்கிறது. டிராயிங்கில் அதை ஸ்பேர் என்று போட்டு, ஒயரே இழுக்காமல் விட்டிருந்தார்கள். பூட்டிய பேனலுக்குள் விளக்கு அணைந்தால் யாருக்குத் தெரியும்? மறுநாளே இரண்டு கான்டாக்டையும் பிஎல்சியின் தனித்தனி டிஜிட்டல் இன்புட்டுக்குக் கொண்டுபோய், ஆபரேட்டர் திரையில் அலாரம் வைத்தோம்.

புதுசு மாட்டும்போது இன்னொன்றும் பிடிபட்டது. ஆலையை முதலில் ஓட்டிப் பார்த்தபோது எழுதிய பழைய கமிஷனிங் தாளில் ஒன்று 24.1, மற்றது 24.6 வோல்ட். டயோடு வழியாகச் சேர்க்கும்போது வோல்டேஜ் கூடின பக்கமே லோடு முழுவதையும் சுமக்கும். வருஷக்கணக்கில் ஒன்றே வெந்துகொண்டிருந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் மின்தேக்கிக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பேனல் ஃபேன் ஃபில்டரோ சிமென்ட் தூசியில் அடைத்துக் கிடந்தது. இப்போதெல்லாம் லோடைக் கழற்றிவிட்டு, இரண்டையும் தனித்தனியே மீட்டரில் பார்த்து, 50 மில்லிவோல்ட்டுக்குள் சமன் செய்த பிறகுதான் சேர்க்கிறேன். இரண்டும் லோடைப் பகிர்ந்துகொள்ள வைக்கும் பேரலல் மோடு சுவிட்ச் உள்ள மாடல் என்றால் அதையும் போட்டுவிடுவேன்.

* * *

அண்ணே, அந்தச் சில்லென்ற பெட்டியைப் படிக்கும்போதே பதறுகிறது. எனக்கு ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு மாதிரி. எஸ்எம்பிஎஸ் இரண்டும் நன்றாக இருந்தன, ஆனால் இரண்டுக்கும் ஏசி வந்தது ஒரே எம்சிபியிலிருந்து (கரன்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்). அது டிரிப் ஆனதும் எல்லாம் போச்சு. ஒன்றை யுபிஎஸ்ஸுக்கும் மற்றதை நேரடி மெயின்ஸுக்கும் மாற்றினோம். மாற்றியதோடு நிற்காமல், வாடிக்கையாளரை அருகில் வைத்துக்கொண்டு, பிளான்ட் ஓடும்போதே ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, பிறகு சேர்த்த வால்வுகளோடு லோடு 23 ஆம்பியராகியிருந்தது. ஒரு 20 ஆம்பியர் பெட்டி தனியாக எப்படித் தாங்கும்? 40 ஆம்பியர் இரண்டு வாங்கவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

* * *

ரெண்டு பேர் சொன்னதும் சரி சார். ஆனால் ஃபீல்டில் ஷார்ட் ஆனால் இது எதுவும் காப்பாற்றாது. எங்களுக்கு வால்வைத் திறந்து மூடும் சோலினாய்டு ஒன்றின் கேபிள் ட்ரேயில் உரசி ஷார்ட்டாகி, எல்லாவற்றுக்கும் பொதுவான 24 வோல்ட் லைனே (பஸ்) விழுந்தது. அந்த லைனில் இருந்தது 6 ஆம்பியர் சி வகை எம்சிபி. அது சட்டென்று டிரிப் ஆக 60 ஆம்பியர் வரைகூட வேண்டியிருக்கும், டிசியில் இன்னும் அதிகம். எஸ்எம்பிஎஸ் தன் அளவுக்குக் கொஞ்சம் மேலே போனதுமே கரன்ட்டை அடக்கிவிடும். எம்சிபி டிரிப் ஆகவில்லை, வோல்டேஜ் சரிந்து பிஎல்சிதான் அணைந்தது. இப்போது ஒவ்வொரு கிளைக்கும் குறைந்த கரன்ட்டிலேயே துண்டிக்கும் எலக்ட்ரானிக் பிரேக்கர், பிஎல்சிக்குத் தனிச் சேனல். போன மாதம் வேறொரு கேபிள் ஷார்ட்டானது. அந்த ஒரு சேனலில் மட்டும் சிவப்பு விளக்கு, மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.