பழையாற்றில் ஈஸ்ட்ரோஜன்: எலைசா ஒன்று சொல்கிறது, எல்.சி.எம்.எஸ். வேறொன்று சொல்கிறது

பொழிக்கரை கேட்டது:

வணக்கம். முதுகலை வேதியியல் மாணவர்களின் ஆய்வேட்டுக்காகப் பழையாற்றுத் தண்ணீரில் பெண் ஹார்மோன் எச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். தேடுவது நான்கு: ஈஸ்ட்ரோன் (ஈ1), எஸ்ட்ரடையால் (ஈ2), எஸ்ட்ரியால் (ஈ3), கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால் (ஈஈ2). மாதிரி எடுத்த இடங்கள் தாழக்குடி, ஒழுகினசேரி, சுசீந்திரம், பிறகு மணக்குடிக் காயலில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று கதம்பை (கயிறு திரிக்கும் தேங்காய் மட்டை) ஊறப்போடும் ஓரம்.

பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் 1 லிட்டர் எடுத்து, கிருமி வளராமல் இருக்க 1 கிராம் சோடியம் அசைடு போட்டு, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தோம். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து எலைசா (ஆன்டிபாடியைக் கொண்டு நிற மாற்றத்தால் அளக்கும் சோதனை) கிட்டில் நேரடியாகவே இட்டோம். மீதியை 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, 500 மி.கி. சி18 கார்ட்ரிட்ஜில் (ஹார்மோனைப் பிடித்து நிறுத்தும் பொடி நிரப்பிய சிறு குழாய்) ஏற்றி, 0.5 மி.லி.க்கு ஒடுக்கி, கட்டணம் கட்டி வெளி ஆய்வகம் ஒன்றில் எல்.சி.எம்.எஸ்./எம்.எஸ். (மூலக்கூறுகளைப் பிரித்து எடையால் அடையாளம் காணும் கருவி) பார்த்தோம்.

எலைசாவில் எல்லா இடத்திலும் ஹார்மோன் இருப்பதாகக் காட்டுகிறது. இருப்பதிலேயே அதிகம் கதம்பைத் தண்ணீரில். அந்த ஓரத்தில் சாக்கடை எதுவும் வந்து சேரவில்லை. எல்.சி.எம்.எஸ்.சில் அதே தண்ணீரில் ஒன்றுமே இல்லை. லிட்டருக்கு 50 நானோகிராம் ஈ2 சேர்த்து ரிகவரி (சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது) பார்த்தோம்: காய்ச்சி வடித்த நீரில் 91 சதவீதம், தாழக்குடியில் 74, கதம்பைத் தண்ணீரில் 28. எந்தக் கருவியை நம்புவது? ஆய்வேட்டில் எதை எழுதுவது?

நிறமானி பதில்:

முதலில் ஒரு கேள்வி. எலைசாவுக்கு வைத்த பிளாங்க் (ஹார்மோன் இல்லாத ஒப்பீட்டு) நீரிலும் அதே அளவு அசைடு சேர்த்தீர்களா?

சேர்க்கவில்லை என்றால் எல்லா இடத்திலும் ஹார்மோன் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். பெரும்பாலான ஈஸ்ட்ரோஜன் கிட்டுகளில் நிறத்தை உண்டாக்குவது ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் என்கிற நொதி. சோடியம் அசைடு அந்த நொதியை முடக்கிவிடும். இந்தச் சோதனை போட்டி முறையில் நடப்பது: மாதிரியில் ஹார்மோன் கூடக்கூட, நொதி ஒட்டிய ஹார்மோனுக்கு ஆன்டிபாடியில் இடம் கிடைக்காமல் போகும், நிறம் குறையும். அதாவது எந்தக் காரணத்தால் நிறம் குறைந்தாலும் கிட்டின் கணக்கில் அது ஹார்மோன். லிட்டருக்கு 1 கிராம் என்பது 0.1 சதவீதம். நொதியைக் கெடுக்க அது தாராளம்.

கதம்பைத் தண்ணீரில் இதற்கு மேல் இன்னொன்றும் சேர்கிறது. கதம்பை ஊறும்போது பாலிஃபீனால், டானின் எல்லாம் இறங்கித் தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வந்துவிடும். டானினுக்குப் புரதம் என்றால் ஒட்டிக்கொள்ளும் குணம். ஆன்டிபாடியும் புரதம், நொதியும் புரதம். ஆகவே நிறம் இன்னும் இறங்கும், கணக்கு இன்னும் ஏறும்.

சரிபார்க்க ஒரு மதியம் போதும். அசைடு சேர்க்காமல் புதிதாக எடுத்த கதம்பைத் தண்ணீரை அப்படியே ஒன்று, 2 மடங்கு, 4 மடங்கு, 8 மடங்கு நீர்த்து வையுங்கள். வரும் அளவை நீர்த்த மடங்கால் பெருக்குங்கள். உள்ளே இருப்பது ஹார்மோன்தான் என்றால் நான்கு விடையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். நீர்க்க நீர்க்கப் பெருக்கிய விடை ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் அது மேட்ரிக்ஸின் (தண்ணீரில் உள்ள மற்றப் பொருட்களின்) வேலை.

இன்னொன்று, கிட்டின் தாளில் அளவிடும் வரம்பு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல கிட்டுகள் லிட்டருக்குப் பத்து, ஐம்பது நானோகிராமுக்குக் கீழே பேசாது. ஆற்றில் எதிர்பார்ப்பதோ ஒற்றை இலக்கம், பல சமயம் அதற்கும் கீழே. எஸ்.பி.இ. (கார்ட்ரிட்ஜில் பிடித்து இறக்குவது) செய்து ஒடுக்கிய சாற்றைத்தான் கிட்டில் இட வேண்டும். அப்படிச் செய்தால் அசைடும் கழுவலில் போய்விடும். சாற்றில் மெத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் இல்லாமல், அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல்களிலும் அதே மெத்தனால் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எலைசா எண்ணைத் தயவுசெய்து எங்கும் எழுதிவிடாதீர்கள். கதம்பைத் தண்ணீரில் ஹார்மோன் என்று ஒரு தடவை செய்தி வந்துவிட்டால், கயிறு திரித்துப் பிழைக்கிறவர்கள் தலையில் அது விடியும். திருத்தம் போட்டாலும் யாரும் படிக்க மாட்டார்கள்.

பொழிக்கரை:

பிளாங்கில் அசைடு சேர்க்கவில்லை. காய்ச்சி வடித்த நீரை அப்படியே வைத்தோம். மிக்க நன்றி. அப்படியானால் 28 சதவீத ரிகவரிக்கும் டானின்தான் காரணமா?

கார்பன்13 பதில்:

பெரும்பாலும் அதுதான். ஆனால் எந்த இடத்தில் இழக்கிறீர்கள் என்று தெரியாமல் சரிசெய்ய முடியாது. ஹார்மோன் கார்ட்ரிட்ஜில் நிற்காமல் ஓடியிருக்கலாம். அல்லது சாற்றில் பத்திரமாக இருந்தும், கருவியின் அயனியாக்கும் முனையில் மற்ற குப்பைகள் அதை அமுக்கியிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

மூன்று வையல் தயார் செய்யுங்கள். முதலாவது, பிரித்தெடுக்கும் முன்பே தண்ணீரில் 50 நானோகிராம் சேர்த்தது. இரண்டாவது, ஒன்றும் சேர்க்காமல் பிரித்தெடுத்து, கடைசியில் 0.5 மி.லி. சாற்றில் அதே 50 நானோகிராமைச் சேர்த்தது. மூன்றாவது, வெறும் கரைப்பானில் 50 நானோகிராம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கார்ட்ரிட்ஜில் உண்மையில் எவ்வளவு பிடிபட்டது என்று வரும். இரண்டாவதை மூன்றாவதால் வகுத்தால் கருவியில் எவ்வளவு அமுங்குகிறது என்று வரும். கூடவே ஒரு தடவை இரண்டு கார்ட்ரிட்ஜை ஒன்றன் கீழ் ஒன்றாக மாட்டி ஓட்டி, கீழே உள்ளதைத் தனியாகக் கரைத்துப் பாருங்கள். கீழே ஹார்மோன் இருந்தால் மேலே தாங்கவில்லை என்று அர்த்தம்.

சி18-ஐ விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஏற்றும்போது நடுவில் காற்று புகுந்து உலர்ந்தால் அதன் பிடிப்பு போய்விடும், ஈ3 போன்ற நீர்நாட்டம் கூடியதை முதலில் இழக்கும். ஓயாசிஸ் எச்.எல்.பி. வகைப் பாலிமர், 200 மி.கி. / 6 மி.லி. இதற்கு ஏற்றது. 5 மி.லி. மெத்தனால், 5 மி.லி. சுத்த நீர் விட்டுத் தயார் செய்து, நிமிடத்துக்கு 5 மி.லி.க்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். ஒரு லிட்டருக்கு மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவசரப்பட்டு வாக்குவத்தைக் கூட்டினால் அங்கேயே பாதி போய்விடும். கதம்பைத் தண்ணீர் என்றால் 1 லிட்டர் வேண்டவே வேண்டாம், 250 மி.லி. போதும். நான்கு மடங்கு குறைவாக எடுத்தாலும் குப்பையும் நான்கு மடங்கு குறையுமல்லவா, பல சமயம் உணர்திறன் கூடத்தான் செய்யும்.

காயல் தண்ணீரில் உப்பு இருப்பதால் 10 மி.லி. சுத்த நீரால் கழுவி, பிறகு 5 சதவீத மெத்தனால் 5 மி.லி. விடுங்கள். அரை மணி நேரம் வாக்குவத்தில் நன்றாக உலர்த்தி, 4 மி.லி. மெத்தனால் இரண்டு தடவை விட்டு இறக்குங்கள். இறங்கியது பழுப்பாக இருந்தால் அதைக் கருவிக்குக் கொடுக்காதீர்கள். நைட்ரஜனில் உலர்த்தி, ஹெக்சேன்–அசிட்டோன் 65:35 கலவையில் எடுத்து, 1 கிராம் சிலிக்கா நிரப்பிய சிறு குழாய் வழியே அதே கலவையால் இறக்கினால் பழுப்பு மேலேயே தங்கிவிடும். சாற்றில் துளி நீர் இருந்தாலும் சிலிக்காவின் பிடிப்பு மாறிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடைசி உலர்த்தல் 40 டிகிரிக்குள், மெல்லிய நைட்ரஜனில். உலர்ந்ததும் 250 மைக்ரோலிட்டர் மெத்தனாலை முதலில் விட்டுச் சுவரெல்லாம் நனையும்படி உருட்டி, பிறகு 250 நீர் சேர்க்க வேண்டும். நீரை முதலில் விட்டால் ஹார்மோன் கண்ணாடியை விட்டு வராது.

இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (இழப்பைக் கணக்கில் ஈடுகட்ட அளவு தெரிந்து சேர்க்கும் குறியிட்ட ஹார்மோன்) பற்றி உங்கள் பதிவில் ஒன்றுமே இல்லை. அது இல்லாமல் அழுக்குத் தண்ணீரில் எண் சொல்ல முடியாது. வடித்த உடனே, கார்ட்ரிட்ஜில் ஏற்றும் முன், ஒவ்வொரு குப்பியிலும் குறியிட்ட ஈ1, ஈ2, ஈஈ2 தலா 10 நானோகிராம் சேர்க்க வேண்டும். கார்பன்-13 குறியிட்டதை வாங்குங்கள். விலை கூடத்தான். டியூட்டீரியம் குறியிட்ட ஈஸ்ட்ரோனில் 16-ஆம் இடத்து டியூட்டீரியம் கீட்டோனுக்குப் பக்கத்தில் இருப்பதால் அமிலத்திலும் காரத்திலும் மெல்ல ஹைட்ரஜனாக மாறிவிடும். பிறகு அது சாதாரண ஈ1 மாதிரியே தெரியும், இல்லாத ஈஸ்ட்ரோனைக் கண்டுபிடிப்பீர்கள்.

வெளி ஆய்வகத்திடம் கேட்க வேண்டியது: எந்த நகர்கட்டம் (கருவியில் மாதிரியைத் தள்ளிச்செல்லும் கரைப்பான்)? நெகட்டிவ் (எதிர்மின் அயனியாக அளக்கும்) முறையில் ஓட்டும்போது ஃபார்மிக் அமிலம் போட்டிருந்தால் ஈஸ்ட்ரோஜன் சிக்னல் படுத்துவிடும். இந்த மூலக்கூறுகளின் பி.கே.ஏ. 10-க்கு மேல், அவை எளிதில் புரோட்டானை விடாது. 0.02 சதவீத அம்மோனியம் ஹைட்ராக்சைடு அல்லது 0.2 மில்லிமோலார் அம்மோனியம் ஃபுளோரைடு வேண்டும். பார்க்க வேண்டிய அயனியின் எடையும் அது உடைந்த துண்டின் எடையும்: ஈ1-க்கு 269-இலிருந்து 145, ஈ2-க்கு 271-இலிருந்து 145, ஈஈ2-க்கு 295-இலிருந்து 145, ஈ3-க்கு 287-இலிருந்து 171. ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது அயனி ஒன்றும், அதன் விகிதமும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

கணக்கையும் பாருங்கள். கருவி சாற்றில் மி.லி.க்கு 0.1 நானோகிராம் வரை அளக்கும் என்றால், 0.5 மி.லி. சாற்றில் அது 0.05 நானோகிராம். 1 லிட்டர் தண்ணீர், முழு ரிகவரி என்றால் லிட்டருக்கு 0.05 வரை பார்க்கலாம். 28 சதவீத ரிகவரியில் அதே கருவி 0.18-க்குக் கீழே குருடு. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் வெளியிட்ட கண்காணிப்புப் பட்டியலில் ஈஈ2-க்குக் கேட்ட கண்டறியும் வரம்பு லிட்டருக்கு 0.035 நானோகிராம், ஈ1, ஈ2-க்கு 0.4. ஆகவே 'இல்லை' என்று எழுதாமல், 'இவ்வளவுக்குக் கீழே' என்று அந்தந்த இடத்துக்கான வரம்போடு எழுதுங்கள்.

தேரூர்க்குளம் பதில்:

மாதிரி எடுப்பது பற்றிக் கொஞ்சம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் எடுத்தால் மழைநீரைத்தான் அளப்பீர்கள். அணை அடைத்த பிறகு மார்ச், ஏப்ரலில் ஆற்றில் ஓடுவதில் கழிவுநீரின் பங்கு கூடும், அப்போது ஒரு சுற்று அவசியம். மணக்குடியில் பொழி (காயல் கடலோடு சேரும் வாய்) திறந்திருக்கிறதா, மணல் மூடிக் கிடக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் வற்றும் நேரத்தில் எடுத்து, உப்பளவையும் பக்கத்தில் எழுதுங்கள். ஏற்றத்தில் எடுத்தால் குப்பியில் இருப்பது கடல்.

மாடு குளிப்பாட்டும் படித்துறைக்குக் கீழே எடுத்தால் 17-ஆல்ஃபா எஸ்ட்ரடையால் வரும். மாட்டுச் சாணத்தில் அதுதான் அதிகம். மனிதக் கழிவில் வரும் 17-பீட்டாவுக்கும் அதற்கும் எடை ஒன்று, உடையும் துண்டும் ஒன்று. கருவியில் வெளிவரும் காலத்தில் மட்டுமே பிரியும். ஆல்ஃபா ஸ்டாண்டர்டைத் தனியாக ஓட்டி, இரண்டு உச்சியும் பிரிகிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டுடையதை ஊர்ச் சாக்கடை மேல் போட்டுவிடக் கூடாது.

குப்பியை 400 டிகிரியில் நான்கு மணி நேரம் சூடாக்கியோ, மெத்தனாலால் மூன்று தடவை அலசியோ எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் புனல், ரப்பர் குழாய் எதுவும் வேண்டாம், ஹார்மோன் அதில் ஒட்டும். நீரோட்டத்தின் நடுவில், ஒரு அடி ஆழத்தில், வாயை எதிரோட்டத்துக்குக் காட்டி நிரப்புங்கள். சுத்த நீர் நிரப்பிய ஒரு குப்பியையும் கொண்டுபோய், கரையில் திறந்து மூடி, மற்றவற்றோடு சேர்த்து அதே அசைடு, அதே வடிதாள், அதே கார்ட்ரிட்ஜ் எல்லாம் செய்யுங்கள். நிறமானி சொன்ன சிக்கல் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் கழிவுநீர் என்றால் ஒரு குப்பி எடுத்துப் பயனில்லை. காலை ஏழு மணிக்கு வருவதும் மதியம் வருவதும் வேறு வேறு. 24 மணி நேரக் கூட்டு மாதிரி எடுக்க வேண்டும். அதில் இன்னொரு விஷயம்: உடம்பிலிருந்து ஹார்மோன் பெரும்பாலும் குளுக்குரோனைடு, சல்ஃபேட் இணைப்பாகத்தான் வெளியேறுகிறது. குளுக்குரோனைடைக் குடல் பாக்டீரியா வழியிலேயே வெட்டிவிடும், சல்ஃபேட் அவ்வளவு எளிதில் விடாது. மொத்த அளவு வேண்டும் என்றால் ஹீலிக்ஸ் பொமேஷியா நத்தை நொதியோடு, பி.எச். 5, 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து அளந்து, வைக்காததோடு ஒப்பிடுங்கள். ஈ.கோலை நொதி வாங்கினால் சல்ஃபேட் வெட்டுப்படாது.

சுசீந்திரம், தேரூர்க் குளங்களிலும் எடுக்கும் எண்ணம் இருந்தால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். 2022-இல் ராம்சர் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள்) பட்டியலில் சேர்ந்த நீர்நிலை அது.

பொழிக்கரை:

மூவருக்கும் நன்றி. மாணவர்கள் கேட்கிறார்கள்: இவ்வளவு சிறிய அளவு மீனுக்கு உண்மையில் கேடு செய்யுமா?

கார்பன்13:

செய்யும். கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றான 260-ஆம் எண் ஏரியில், 2001 முதல் 2003 வரை கோடைதோறும் ஈஈ2 விட்டு, லிட்டருக்கு 5, 6 நானோகிராம் இருக்கும்படி வைத்தார்கள். ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கருப் புரதமான விட்டெல்லோஜெனின் உண்டானது. அங்கிருந்த ஃபேட்ஹெட் மின்னோ என்கிற சிறு மீன் கூட்டம் ஏறக்குறைய அற்றுப்போனது. காயலில் கரிமீன் ஆணைப் பிடித்து அந்தப் புரதம் பார்ப்பதும் நல்ல ஆய்வேடுதான், ஆனால் அதற்கு விலங்கியல் துறையோடு சேர வேண்டும்.

தனித்தனி மூலக்கூறு வேண்டாம், மொத்த ஈஸ்ட்ரோஜன் விளைவு போதும் என்றால் ஈஸ்ட் செல் சோதனை இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 19040 அதற்கான நெறி. அதற்கும் சிலிக்காவில் சுத்தம் செய்த சாறுதான் போக வேண்டும். டானின் ஈஸ்ட்டையே கொன்றால் அங்கே எதிர்ப்பக்கமாக ஏமாறுவீர்கள்: ஹார்மோன் இருந்தும் இல்லை என்று வரும்.

நிறமானி:

ஒன்று விட்டுப்போனது. அசைடு போட்ட குப்பியில் பி.எச். குறைக்க அமிலம் விடாதீர்கள், ஹைட்ரசோயிக் அமில வாயு வரும், அது கொடிய விஷம். நத்தை நொதிக்குப் பி.எச். 5 வேண்டும் என்பதால் அந்த மாதிரிகளை அசைடே சேர்க்காமல் தனியாக எடுத்து, அன்றே வடித்து, அன்றே நொதியில் வையுங்கள். கார்ட்ரிட்ஜில் ஏற்றி உலர்த்தியதை மைனஸ் 20-இல் வைத்துக்கொள்ளலாம். மிச்ச அசைடு நீரைச் சிங்கில் கொட்டினால் செம்பு, ஈயக் குழாயில் வெடிக்கும் உப்பு சேரும். மூடியிட்ட கேனில் சேர்த்து, பெயரெழுதி, ரசாயனக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். ஈஈ2 பொடியை மாணவர்கள் நிறுக்கவே வேண்டாம், மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் கரைசலாக ஆம்பூலில் கிடைக்கிறது.