கறுப்பின ஆய்வாளர்களுடன் பணியாற்றியோர்: உங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியலாளராகப் பணியாற்றுகிறேன். இளம் பேராசிரியர்களுக்குப் பல்கலைக்கழகமே தரும் ஆய்வு நிதிக்கான விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் சென்ற ஆண்டு நானும் இருந்தேன்.

கறுப்பின உதவிப் பேராசிரியை ஒருவர் கருப்பை நார்க்கட்டி பற்றிய ஆய்வுக்கு விண்ணப்பித்திருந்தார். வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு இக்கட்டி இரண்டு மூன்று மடங்கு அதிகமாக, அதுவும் இளம் வயதிலேயே வருகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. ஆயினும், ஒரே சமூகத்தினரை மட்டும் சேர்க்கும் குறுகிய ஆய்வு என்று கூறி மூத்த உறுப்பினர் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். சற்று முன்னர்தான், ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுத் தரவை மட்டுமே நம்பிய வேறொரு விண்ணப்பத்துக்கு அவரே தாராளமாக மதிப்பெண் இட்டிருந்தார். நான் வாதத்தில் இறங்காமல், இரண்டு விண்ணப்பங்களிலும் மாதிரி அளவு (எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது) பற்றிய பத்தியை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். நார்க்கட்டி ஆய்வில், பாதியில் விலகக்கூடியவர்களின் விகிதம் வரை கணக்கிட்டுக் காட்டப்பட்டிருந்தது. மற்றதில் ‘போதிய எண்ணிக்கையில்’ என்பதோடு சரி. நிதி அந்த உதவிப் பேராசிரியைக்குக் கிடைத்தது.

இது ஒருவரின் மனப்போக்கு மட்டும் அன்று. கல்வி, பயிற்சி, வெளியீடுகள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் நிதி கறுப்பின விண்ணப்பதாரர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையினரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அந்த இடைவெளியில் 20 விழுக்காட்டுக்கும் மேலான பங்கு, அவர்கள் எடுத்துக்கொள்ளும் ஆய்வுப்பொருளால் நேர்வது என்று 2019இல் வந்த இன்னோர் ஆய்வு கண்டது. சமூகங்களுக்கிடையிலான நலவாழ்வு ஏற்றத்தாழ்வுகள் போன்ற பொருள்களுக்கு நிதி கிடைப்பதே அரிது.

நிதி கிடைத்த பின்னர் அந்தப் பேராசிரியையிடம் என்ன உதவி தேவை என்று கேட்டேன். பணத்தைவிட நேரம்தான் தேவை என்றார். ஆள்சேர்ப்புக் குழு, சமவாய்ப்புக் குழு, மாணவர் குறைகேட்புக் குழு என எதை அமைத்தாலும், துறையில் இருக்கும் ஒரே கறுப்பினப் பேராசிரியர் என்பதால் அவர் பெயரும் பட்டியலில் சேர்ந்துவிடும். பதவி நிரந்தரமாக்கும்போது அந்த உழைப்பை யாரும் எண்ணுவதில்லை.

இரண்டாம் பதிவு

பால்டிமோருக்கு அருகிலுள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் (யூஎம்பிசி) ஆய்வு மாணவனாக இருந்தபோது, மேயர்ஹாஃப் திட்ட மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்தேன். அப்பல்கலைக்கழக நிர்வாகியும் கறுப்பினக் கணிதவியலாளருமான ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி 1988இல் மேயர்ஹாஃப் தம்பதியரின் கொடையோடு தொடங்கிய, அறிவியல் மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் அது. முதலில் கறுப்பின ஆண்களுக்கென்றே இருந்து, பின்னர் கறுப்பினப் பெண்களுக்கும், 1990களின் நடுவில் எல்லா இனத்தவருக்கும் திறக்கப்பட்டது. கொரோனா தடுப்பூசி ஆய்வில் முன்னின்ற கிஸ்மெகியா கார்பெட் அங்கு படித்தவர்தான். உதவித்தொகை கொடுத்துவிட்டு மாணவரைத் தனியே விடும் வழக்கத்தை அங்கே காண முடியாது. கல்லூரி தொடங்கும் முன்பே கோடைக்காலத்தில் ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள். முதல் தேர்வில் எண்பது வாங்கிய ஒரு மாணவியை, கணக்கு வராத தோழனுக்குக் கரும்பலகையில் விளக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரியில் தன் பிழையையே அவள் கண்டுபிடித்தாள். எல்லாருக்கும் திறந்த பிறகு திட்டம் நீர்த்துப்போகும் என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை.

மூன்றாம் பதிவு

நான் நூலகர். ஆய்வுக்கு ஆதரவு என்றால், வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1973 வரை பணியாற்றிய நூலகர் டோரத்தி போர்ட்டரைத்தான் நான் முதலில் நினைப்பேன். அக்காலத்தில், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி எண்முறையைப் பின்பற்றிய நூலகங்கள், கறுப்பினக் கவிஞரின் நூலைக்கூட அடிமைமுறைக்கான 326இலோ குடியேற்றத்துக்கான 325இலோ அடுக்கிவிடும். அவர் அதை மறுத்து, கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் சேர்த்தார். அங்குள்ள மூர்லண்ட்-ஸ்பிங்கார்ன் ஆய்வு மையம் அவர் வளர்த்த தொகுப்பிலிருந்து உருவானதுதான்.

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி: அந்தப் பேராசிரியையின் குழுப்பணி குறைந்ததா?

முதல் பதிவிட்டவர்

ஒரு குழுவிலிருந்து விடுவித்திருக்கிறார்கள், ஐயா. வரும் பருவத்தில் ஒரு பாடமும் குறைகிறது. துறைத்தலைவரிடம் அதை எழுத்தில் வாங்கியிருக்கிறார்.