மறு: தாஸ்மேனியப் பசுமைக் கட்சி வரலாறு – ‘கவுன்ட்பேக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> ஆஸ்திரேலிய மாநிலமான தாஸ்மேனியாவின் பசுமைக் கட்சி வரலாற்றைக் கட்டுரையாக எழுதி வருகிறேன். ஓர் உறுப்பினரின் இடம் வெற்றிடமானால் பழைய வாக்குச்சீட்டுகளைக்கொண்டே அதை நிரப்பும் முறையை, ‘கவுன்ட்பேக்’ என்று அவர்கள் சொல்வதை, ‘மறு எண்ணிக்கை’ என்றே எழுதிவிடலாமா? அந்த மாநிலத் தேர்தல் ஆணையமும் அப்பொருள் தரும் சொல்லைத்தானே ஆள்கிறது?

ஆணையம் அப்படித்தான் எழுதுகிறது. ஆயினும் தமிழில் அவ்வாறு எழுதலாகாது என்பதே என் கருத்து. ‘மறு எண்ணிக்கை’ என்றதும் நம் வாசகருக்கு நினைவு வருவது, சொற்ப வாக்குகளில் தோற்றவர் எண்ணியதில் பிழை உள்ளது என்று வாதிட்டுக் கோரும் எண்ணிக்கைதான். பின்னாளில் இக்கட்சிக்குத் தலைமை தாங்கியவரைப் பற்றி ‘பாப் பிரவுன் 1983-இல் மறு எண்ணிக்கையில் வென்றார்’ என்று நீங்கள் எழுதினால், முதலில் அவரைத் தவறாகத் தோற்றவராக அறிவித்துவிட்டார்கள், பிறகு உண்மை வெளிப்பட்டது என்றே படிப்பவர் கொள்வார். நடந்தது அதுவன்று. 1982 தேர்தலில் வாக்குகள் சரியாகவே எண்ணப்பட்டன. பிரவுன் தோற்றதும் உண்மையே. பின்னர் வேறோர் உறுப்பினர் பதவி விலகியதால், அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த வாக்குச்சீட்டுகள் வேறொரு கேள்விக்கு விடை காண்பதற்காக மீண்டும் பிரிக்கப்பட்டன.

சொல்லை ஆக்குமுன் முறையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தாஸ்மேனியாவின் கீழவைக்கு ஐந்து தொகுதிகள். ஒவ்வொன்றிலிருந்தும் பல உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். தாமஸ் ஹேர் என்ற ஆங்கிலேயர் வகுத்த கருத்தை ஆண்ட்ரூ இங்லிஸ் கிளார்க் அந்த மண்ணுக்கு ஏற்பத் திருத்தி அமைத்ததால், 1896-இல் சோதனை முறையாகச் சட்டமாக்கப்பட்ட அம்முறைக்கு ஹேர்–கிளார்க் முறை என்று பெயர். வாக்காளர் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுகிறார். குறித்த வரம்பை எட்டியவர் வெல்கிறார். அவருக்கு மிகுதியாக விழுந்தவையும், கடைசியாக நின்று விலக்கப்பட்டவரின் வாக்குகளும், அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்க்குச் செல்கின்றன. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இறந்தாலோ பதவி விலகினாலோ பொதுவாக இடைத்தேர்தல் நடப்பதில்லை. எந்த வாக்குச்சீட்டுகளால் அவர் உறுப்பினர் ஆனாரோ அவற்றை மட்டும் வெளியே எடுக்கிறார்கள். அதே தேர்தலில் நின்று தோற்றவர்களில் இப்போதும் வர இசைபவர் யார் யார் என்று கேட்டுக்கொண்டு, அந்தச் சீட்டுகளில் அவர்களுள் எவருக்கு அடுத்த விருப்பம் குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்து, பெரும்பான்மை பெறுபவரை உறுப்பினராக அறிவிக்கிறார்கள். தொகுதியின் மற்ற வாக்குச்சீட்டுகளை எவரும் தொடுவதில்லை. ‘இவர் இல்லையென்றால் வேறு யார்?’ என்ற கேள்வி விலகியவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளரிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. அவர்கள் விடையை முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

> ஒரு கட்சியின் வரலாற்றில் இத்தனை சிறிய தேர்தல் நுணுக்கத்துக்குத் தனிச்சொல் தேவையா? அடிக்குறிப்பில் விளக்கிவிட்டுப் போகலாமே?

வேறு கட்சி என்றால் நானும் அடிக்குறிப்பு போதும் என்று விட்டிருப்பேன். இந்தக் கட்சியின் கதையை இச்சொல் இல்லாமல் சொல்லவே இயலாது. பெடர் ஏரியை நீர்மின் ஆணையத்தின் அணைநீரில் மூழ்கடிப்பதை எதிர்த்தவர்கள் 1972 மார்ச்சு 23 அன்று ஹோபார்ட் நகர மண்டபத்தில் கூடி ஐக்கிய தாஸ்மேனியக் குழுவை உருவாக்கினார்கள். உலகின் முதல் பசுமைக் கட்சி என்று பலரும் குறிப்பது அதைத்தான். அடுத்த மாதமே நடந்த மாநிலத் தேர்தலில் அது ஏறக்குறைய 4 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. ஓர் இடத்தையும் வெல்லவில்லை, ஏரியும் மூழ்கிப்போனது. அந்த இயக்கத்தின் வழிவந்தவர்களில் ஒருவர் சட்டமன்றத்துக்குள் காலடி வைக்க மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர் பொதுத்தேர்தல் வழியாகவும் வரவில்லை, இடைத்தேர்தல் வழியாகவும் வரவில்லை.

ஃபிராங்க்ளின் ஆற்றின் குறுக்கே அணை கட்டுவதை எதிர்த்து 1982 திசம்பரில் மறியல் தொடங்கியது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், பாப் பிரவுன் ரிஸ்டன் சிறையில் அடைக்கப்பட்டார். டெனிசன் தொகுதி உறுப்பினரான நார்ம் சாண்டர்ஸ் அவ்வேளையில் தம் பதவியைத் துறந்தார். அவர் ஆஸ்திரேலிய ஜனநாயகர் கட்சியைச் சேர்ந்தவர். பிரவுன் அதே தொகுதியில் 1982-இல் சுயேச்சையாக நின்று தோற்றவர். சாண்டர்ஸின் வாக்குச்சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது அடுத்த விருப்பம் பிரவுனுக்குச் சாய்ந்திருந்தது. சிறையிலிருந்து வெளிவந்த கையோடு 1983 சனவரியில் அவர் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு சூலை 1 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நால்வர்க்கு மூவர் என்ற கணக்கில் மைய அரசின் பக்கம் தீர்ப்பளித்ததால் அணைத்திட்டமும் நின்றது.

இது ஒருமுறை நேர்ந்த தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. 1993-இல் பிரவுன் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதற்காக விலகியபோது அவ்விடத்துக்கு இதே முறையில் பெக் பட் வந்தார். 1998-க்குப் பின் நான்கு ஆண்டுகள் சட்டமன்றத்தில் கட்சியின் ஒற்றைக் குரலாக இருந்தவர் அவரே. 2008-இல் அவர் விலகியபோது கேசி ஓகானர் வந்தார். 2015-இல் நிக் மெக்கிம் ஆஸ்திரேலிய நாடாளுமன்ற மேலவைக்காகக் கான்பெரா சென்றபோது ரோசலி உட்ரஃப் வந்தார். 2023-இல் ஓகானர் விலக, விக்கா பெய்லி வந்தார். பிரவுன், கிறிஸ்டின் மில்ன், பட், மெக்கிம், கிம் பூத், ஓகானர், உட்ரஃப் என்று சட்டமன்றத்தில் கட்சிக்குத் தலைமை தாங்கிய எழுவரில் நால்வர் முதன்முதலாக அவைக்குள் வந்தது இந்த வாயில் வழியாகத்தான். அடிக்குறிப்பை நான்கு இடங்களில் போட வேண்டியிருக்கும்.

இனி, இதுவரை இந்த இழையில் வந்த சொற்களைப் பார்ப்போம். ‘பின்னெண்ணிக்கை’ என்பது ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தது; தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அது ‘பிறகு எண்ணப்படுவது’ என்று மட்டுமே பொருள்படும், எதை, எதற்காக என்று தெரியாது. ‘காலியிட நிரப்பு எண்ணிக்கை’ பொருள் தெளிவானது, பிழையில்லாதது. ஆனால், அது ஒரு விளக்கத்தொடர். வரிக்கு வரி எழுத வேண்டிய கட்டுரையில் அது நடக்காது. ‘இடையெண்ணிக்கை’ என்று இலங்கை நண்பர் தந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இடைத்தேர்தல் நடக்க வேண்டிய இடத்தில் நடப்பது இடையெண்ணிக்கை என்ற ஒப்புமை அழகானது. எனினும் வாக்கு எண்ணும் நாளில் சுற்றுக்குச் சுற்று நிலவரம் கேட்டுப் பழகிய நமக்கு, இடையில் அறிவிக்கப்படும் முடிவுறாத எண்ணிக்கை என்ற மயக்கத்தை அது தவறாமல் உண்டாக்கும்.

> இலங்கையில் ஓர் உறுப்பினரின் இடம் வெற்றிடமானால் விருப்பு வாக்கில் அடுத்து இருப்பவர் வருகிறார். அங்கு தனிச்சொல் இல்லாமலே செய்தி எழுதுகிறார்கள். அதையே பின்பற்றலாமே?

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அடிப்படை வேறு. இலங்கையில் இடம் கட்சியின் பட்டியலுக்கு உரியது. அப்பட்டியலில் விருப்பு வாக்கு மிகுதியாகப் பெற்ற அடுத்தவர் வருகிறார். அதற்கு எந்த வாக்குச்சீட்டையும் மீண்டும் பிரிக்க வேண்டியதில்லை, முன்பு அறிவித்த எண்களைப் பார்த்தாலே போதும். தாஸ்மேனியாவில் இடம் வாக்குச்சீட்டுக்கு உரியது. அதனால்தான் ஜனநாயகர் கட்சிக்காரர் ஒருவரின் இடம் அக்கட்சியைச் சாராத சுயேச்சைக்குப் போக முடிந்தது. பட்டியல் முறையில் 1983 நிகழ்ந்திருக்கவே வாய்ப்பில்லை. நாம் ஆக்கும் சொல்லுக்குள் கட்சி, பட்டியல், வாரிசு ஆகிய சாயல்கள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ‘வாரிசு எண்ணிக்கை’ என்று ஒரு மடலில் வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். நம் ஊர் அரசியலில் அச்சொல் என்ன பாடுபடுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் பரிந்துரை ‘வழியெண்ணல்’ என்பது. முதல்நூல், வழிநூல் என்ற பகுப்பு நமக்குத் தொல்காப்பிய மரபியலிலிருந்தே உண்டு. வழிநூல் தனியே பிறப்பதன்று. முதல்நூல் இல்லையேல் அது இல்லை. அதுபோலவே பொதுத்தேர்தலில் நடக்கும் எண்ணலை ‘முதலெண்ணல்’ என்றும், அதன் சீட்டுகளைக்கொண்டே பின்னர் நடப்பதை ‘வழியெண்ணல்’ என்றும் இணையாக ஆளலாம். அவை நடவடிக்கைகளில் முன்மொழிதல், வழிமொழிதல் என்று நாம் நாள்தோறும் எழுதுகிறோம்; அங்கும் ‘வழி’ என்பது முன்னதைத் தொடர்ந்து வருவது என்றே பொருள்படுகிறது. ஆகவே நாடாளுமன்றச் சொற்களோடு இது இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். ‘வழியெண்ணலில் தேர்வானார்’, ‘வழியெண்ணலுக்கு இசைவு தந்தோர்’, ‘வழியெண்ணல் சீட்டுகள்’ என்று தொடர்களிலும் தடையின்றி வருகிறது.

> வழிநூலில் பின்னோன் தான் வேண்டும் விகற்பத்தைக் கூறலாம் என்பது நன்னூல். இங்கு வாக்கில் எந்த விகற்பத்துக்கும் இடமில்லையே. உவமை பொருந்துகிறதா?

நன்னூலைக் கொண்டு மடக்கப்படுவதும் ஒரு மகிழ்ச்சிதான். விகற்பம் இங்கும் உண்டு, ஒன்றே ஒன்று: விலகியவர் பெயர் கணக்கிலிருந்து நீங்குகிறது. வாக்காளர் எழுதிய வரிசையும், அச்சீட்டு முதலெண்ணலில் அவரைத் தேர்ந்தெடுப்பதற்கு எந்த மதிப்பில் பயன்பட்டதோ அந்த மதிப்பும் அப்படியே நிற்கின்றன. அந்த ஒரு நீக்கத்தால் விளைவு வேறாகிறது. கலைச்சொல்லுக்கு இவ்வளவு பொருத்தம் போதும். இதற்கு மேல் இழுத்தால் சொல்லாய்வு உரையாசிரியர் சண்டையாகிவிடும். ‘எண்ணல்’ என்பது நினைத்தலையும் குறிக்குமே என்ற ஐயமும் வந்தது. வாக்கு, தேர்தல் என்ற சூழலில் அந்த மயக்கம் எழாது. ‘எண்ணிக்கை’ என்று முடிப்பவர்கள் ‘வழியெண்ணிக்கை’ எனலாம். ஆனால் அது தொகையையும் குறிக்கும், செயலையும் குறிக்கும் என்பதால் ‘எண்ணல்’ எனக்கு மேலாகப் படுகிறது.

கட்டுரையில் இன்னொரு சொல்லும் இடறுகிறது. வெல்வதற்கு எட்ட வேண்டிய வாக்கு அளவை வரைவில் ‘ஒதுக்கீடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அச்சொல் முழுக்க முழுக்க வேறு பொருளுக்கு உரியதாகிவிட்டது. ‘பசுமைக் கட்சிக்கு ஒதுக்கீடு உயர்த்தப்பட்டதால் அது இடங்களை இழந்தது’ என்ற வரி எவருக்கும் விளங்காது. ‘வெல்வரம்பு’ என்று எழுதுங்கள். செல்லத்தக்க வாக்குகளை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்து, ஈவோடு ஒன்று சேர்த்தால் வருவது அது. தொகுதிக்கு ஏழு பேர் என்றிருந்தபோது வெல்வரம்பு 12.5 விழுக்காடு; 1998-இல் இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து 35 இடங்களை 25 ஆகக் குறைத்து, தொகுதிக்கு ஐவர் என்றாக்கியதும் அது ஏறக்குறைய 16.7 ஆயிற்று. 1996-இல் ஏறக்குறைய 11 விழுக்காடு பெற்று நான்கு இடங்களை வென்ற கட்சி, 1998-இல் ஏறக்குறைய 10 விழுக்காடு பெற்றும் ஓர் இடத்தோடு நின்றது. வாக்கு பெரிதாகக் குறையவில்லை, வரம்புதான் உயர்ந்தது. பசுமைக் கட்சியை ஓரங்கட்டவே இதைச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. செலவுக் குறைப்பு என்றார்கள் செய்தவர்கள். எனக்கு முதல் விளக்கமே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. 2024 தேர்தலில் 35 இடங்கள் மீண்டன. கட்சிக்கு ஐந்து கிடைத்தன.

வெல்வரம்பு உயர்ந்தால் வழியெண்ணலின் மதிப்பும் உயர்கிறது என்பதைக் கட்டுரையில் ஓரிடத்தில் சுட்டுவது நல்லது. ஒரு தொகுதியில் ஓர் இடத்துக்கு மேல் வெல்ல முடியாத சிறு கட்சிக்கு, தலைவர் விலகியவுடன் இடைத்தேர்தல் என்றால் அந்த இடம் பெரிய கட்சியிடம் போய்விடும். ஏனெனில் ஒற்றை இடத்துக்கான போட்டியில் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். வழியெண்ணலில் அவ்விடத்தைத் தந்த வாக்காளரே தீர்மானிப்பதால், தலைமுறை மாறியபோதும் இடம் கைநழுவவில்லை. அதனால்தான் அக்கட்சியின் வேட்பாளர் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது பெயர்கள்கூட ஒப்புக்குப் போடப்படுபவை அல்ல.

குழுவின் சொற்பட்டியலில் சேர்ப்பதற்கான வரைவைக் கீழே தருகிறேன். திருத்தம் இருந்தால் வார இறுதிக்குள் தெரிவியுங்கள்.

வழியெண்ணல் (பெயர்ச்சொல்): விருப்ப வரிசை வாக்குமுறையில், பதவிக்காலத்துக்கு இடையே ஓர் உறுப்பினரின் இடம் வெற்றிடமாகும்போது, அவரைத் தேர்ந்தெடுத்த வாக்குச்சீட்டுகளை மட்டும் மீண்டும் பிரித்து, அவற்றில் குறித்துள்ள அடுத்த விருப்பங்களைக்கொண்டு, அதே தேர்தலில் நின்று தேர்வாகாதவருள் ஒருவரை உறுப்பினராக்கும் முறை. எதிர்நிலைச் சொல்: முதலெண்ணல். வேறுபடுத்துக: மறு எண்ணிக்கை, இடைத்தேர்தல்.

இதன்படி உங்கள் வரைவின் இரண்டாம் பத்தியை இவ்வாறு மாற்றலாம்: ‘டெனிசன் தொகுதி உறுப்பினர் நார்ம் சாண்டர்ஸ் 1982 திசம்பரில் பதவி விலகியதை அடுத்து நடந்த வழியெண்ணலில், முதலெண்ணலில் தோற்றிருந்த பாப் பிரவுன் தேர்வானார்.’