விண்டோஸ் 7 கணினியில் ஃபெட் (PhET) மின்சுற்று உறைந்துபோகிறது, உதவி தேவை

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடக்கிறது. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற அறிவியல் பாவனைத் (சிமுலேஷன்) தளத்தில், திரையிலேயே சுற்று அமைத்துப் பார்க்கும் மின்சுற்றுக் கோப்பை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனேன். மழை வந்தால் இங்கே நெட்டை நம்ப முடியாது.

பள்ளிக் கணினியில் விண்டோஸ் 7, 2 ஜிபி ராம், குரோம் 109. கோப்பு திறக்கிறது, பேட்டரியும் பல்பும் வருகின்றன. கம்பியை இழுத்து இணைத்தால் பல்பு எரிகிறது. ஆனால் எலக்ட்ரான்கள் நகர வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டங்கள் விழுந்து, திரை அப்படியே உறைந்துபோகிறது. போன வாரத்திலிருந்து இதே கதைதான். பலூன் நிலைமின்னியல் கோப்பு அதே கணினியில் நன்றாக ஓடுகிறது. மின்சுற்றுக் கோப்பும் என் வீட்டு விண்டோஸ் 10 மடிக்கணினியில் ஓடுகிறது, ஆகவே கோப்பில் குறை இல்லை.

மறுபடி இறக்கிப் பார்த்தேன். ஃபயர்பாக்ஸ் 115-இலும் அதேதான். ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தேன், கிராபிக்ஸ் டிரைவரைப் புதிதாகப் போட்டேன், மின்னோட்டம் காட்டும் குறியையும் எடுத்துப் பார்த்தேன். குரோமை மேலே ஏற்ற வழியில்லை. விண்டோஸ் 7-க்கு 109தான் கடைசி. புதுக் கணினி இப்போதைக்கு வராது.

வீடியோ போதாது. மின்தடையைப் பிள்ளைகளே கூட்டி, அம்மீட்டர் எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஓம் விதி மனதில் நிற்கும்.

இதே கணினியில், நெட் இல்லாமல், இந்தக் கோப்பை ஓடவைக்க எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?