ஓ நெகட்டிவ்

கைகூடாத காதலைப் பற்றிய இந்தப் பக்கத்தில் பலரும் "அவன் அப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. எல்லாம் தெரிந்து, ஒரு வருஷம் கழித்து, நிதானமாகப் போய் விழுந்தவள் நான்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கியில் டெக்னீஷியன் வேலை. அவனும் அங்கேதான். ஒரே வயசு, ஒரே வாரத்தில் சேர்ந்தோம், நைட் டியூட்டி பெரும்பாலும் இருவருக்கும் சேர்ந்தே விழும்.

2019 பிப்ரவரியில் ஒரு ராத்திரி. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். ஃபிரிட்ஜில் ஒரே ஒரு பை. நம் ஊரில் நூறு பேரைப் பிடித்தால் இரண்டு பேருக்கு அந்த குரூப் இருந்தாலே அதிகம். ஆனால் இவனுக்கு அதுதான் என்று எனக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் ஒருவர் விரலை ஒருவர் குத்தி குரூப் பார்த்து விளையாடியிருக்கிறோம். "போய்ப் படு, நான் எடுக்கிறேன்" என்றேன். அவன் நகரவில்லை. கேம்ப் வைக்கும்போதெல்லாம் சளி, மாத்திரை என்று ஏதாவது சொல்லி நழுவுகிறவன்தான். "ஊசிக்குப் பயமாடா உனக்கு? வெட்கமா இல்ல?" என்று கத்திவிட்டேன். மேஜையில் இருந்த கொடையாளர் படிவத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தான்.

ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்கள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017 ரத்ததான வழிகாட்டுதலில் இருந்தது. கொடுக்க வருகிறவர்களிடம் அதை நான் கேட்க வேண்டும். வாயால் கேட்கக் கூச்சப்பட்டு, 'இல்லை' என்று நானே டிக் அடித்த நாட்களும் உண்டு. அந்த வரி ஒரு ஆளாக எதிரில் நிற்கும் என்று நினைத்ததே இல்லை.

முந்தின செப்டம்பர் 6-ம் தேதிதான் உச்ச நீதிமன்றம், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப் பிரிவைத் தளர்த்தியிருந்தது. குற்றவாளி இல்லை, ஆனால் உன் ரத்தம் மட்டும் வேண்டாம்.

வேறு வங்கியிலிருந்து இரண்டு பை வந்து அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். விடியற்காலையில் டீக்கடையில் அவன் சொன்னான், "பொய் சொல்லிப் படுத்திருக்கலாம். ஆனா ஃபார்ம் நீட்டுறவனே பொய் சொன்னா எப்படி?" எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. ஒரு பன் வாங்கி, பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன்.

அப்போது காதல் கீதல் ஒன்றும் கிடையாது. அது 2020 மார்ச்சில் வந்தது. ஊரடங்கு, பஸ் இல்லை. நான் ஸ்ரீரங்கம், அவன் திருவானைக்கோவில். அவனுடைய ஸ்கூட்டரில்தான் தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். எனக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கினான், சின்ன சைஸ், நீல நிறம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதன் உள்துணியைக் கழற்றித் துவைத்துக் காயப்போடுவான். ஏன்டா என்றால், "உன் தலை எண்ணெய் நாறுது". வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பும். அதே சமயத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் நைட் டியூட்டியை எப்போது விடுவீர்கள் என்று கேட்டார், இன்னொருவர் சம்பளச் சீட்டு கேட்டார். எல்லாரையும் அந்த நீல ஹெல்மெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். யார்தான் தேறுவார்கள்?

"இப்படிப்பட்ட பசங்க பொண்ணுங்ககிட்ட நல்லாப் பழகுவாங்க, அதுல மயங்கிட்ட" என்றாள் என் தோழி. எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. மற்ற ஆண்களிடம் பேசும்போது கை தன்னால் துப்பட்டாவைச் சரிசெய்யும் இல்லையா, மனசுக்கும் அப்படி ஒரு துப்பட்டா உண்டு. இவனிடம் அது தேவையில்லை என்று மடித்து வைத்துவிட்டேன். தாழ்ப்பாளே போடாத வீட்டில் திருட்டுப் போனால் யாரைத் திட்டுவது? இதில் இவன் திருடவும் இல்லை.

அம்மா வேறு. "அந்தப் பையன் யாரு, என்ன ஆளுக?" என்று ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் "எந்த ஆளா இருந்தா என்ன" என்ற அளவுக்கு இறங்கி வந்துவிட்டார். எங்கள் அம்மா அப்படிச் சொல்ல எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பார் என்று எங்கள் சொந்தக்காரர்களுக்குத்தான் தெரியும்.

2022-ல் நானே கேட்டேன். "உங்க வீட்லயும் தொந்தரவு, எங்க வீட்லயும் தொந்தரவு. பேசாம ஒரு தாலியைக் கட்டிட்டு அவங்கவங்க வேலையைப் பார்ப்போம்." அவனுக்கு உதவி செய்கிற மாதிரிதான் கேட்டேன். குரலைக்கூட நாலைந்து தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். அவன் சிரித்தான். அப்புறம் கொஞ்ச நேரம் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அம்மாக்களைச் சமாளிச்சிடலாம். உன்னை எப்படிச் சமாளிக்கிறது?" என்றான்.

தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

இங்கே எழுத வந்ததே அடுத்ததைச் சொல்லத்தான். 2023 அக்டோபர் 17. அதற்குள் அவனுக்கு பெங்களூரில் ஒரு துணை அமைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே பாலினத் திருமண வழக்கில் தீர்ப்பு வரும் நாள். கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நீதிபதிகள். திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் போடுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று முடிந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு நிம்மதி. அப்பாடா, இவனுக்கு யாரோடும் கல்யாணம் ஆகப்போவதில்லை என்று. ஒரு நொடிதான். ஆனால் வந்தது. அந்தப் படிவத்து வரியைப் பார்த்துக் கொதித்த அதே நான்.

இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் பெங்களூருக்கே வேலை மாறிப் போய்விட்டான்.

*

மேலே எழுதிய சகோதரிக்கு: ஸ்கூட்டர் ஓட்டியவன் இடத்தில் இருந்தவன் நான். (அவன் நான் இல்லை, பயப்படாதீர்கள். எனக்கு பி பாசிட்டிவ்.)

கோவையில் கல்லூரியில் என்னோடு படித்த தோழி. அவளுக்கு என் மேல் ஆசை என்பது முதல் செமஸ்டரிலேயே எனக்குத் தெரியும். ஐ லவ் யூ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஆகவே ஏமாற்றவில்லை என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆனால் ஹாஸ்டலில் பசங்க என் நடையைக் கிண்டல் செய்ய ஆரம்பித்ததும் என் போன் வால்பேப்பரில் ஏறியது அவள் படம்தான். கிண்டல் நின்றது. மூன்று வருஷம் அந்தப் படம் என்னைக் காப்பாற்றியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டில் வந்த ஒரு வரனைத் தட்டிக் கழித்திருக்கிறாள்.

பின்னால் நான் உண்மையைச் சொன்னபோது அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப அந்த வால்பேப்பர் எதுக்குடா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு பதில் வரவில்லை. இப்போது ஊரில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்புவேன். நன்றி என்று வரும். வேறொன்றும் வராது.

உங்கள் நண்பர் உங்களை அப்படி வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு அவர் சம்மதித்திருந்தால் இன்று அவர் வீட்டுச் சுவரில் உங்கள் படம் மாட்டியிருக்கும். ஒரு நொடி நிம்மதிக்காக உங்களை ரொம்ப வருத்திக்கொள்ளாதீர்கள். நான் மூன்று வருஷம் அனுபவித்தேன்.

*

வால்பேப்பர் விஷயத்தைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. உங்கள் மேல் கோபம் என்று சொல்ல வந்தேன், எழுதும்போது அது இல்லை.

போன வாரம் அவன் பேசினான். வண்டியை பெங்களூருக்கு எடுத்துப்போய்விட்டானாம். "அந்த ப்ளூ ஹெல்மெட் உன்கிட்டதானே இருக்கு? இவனுக்குப் பத்துமா?" என்றான்.

பத்தாது, சின்ன சைஸ் என்று சொல்லிவிட்டேன்.